படத்தின் பின்பக்கம்



போன மாதம் இந்தப் பக்கத்தில், இடப்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்தவர்கள் என்ன செய்யலாம் என்று எழுதியிருந்தேன். நொத்தாரிசு எழுதிய உறுதியின் ஒரு பிரதி அவருடைய கட்டில் இருக்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும், அங்கே விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம் என்பதுதான் அதன் சாரம். அதை வாசித்துவிட்டு முருங்கன் பக்கத்து அக்கா ஒருவர் நானாட்டான் சந்தையில் என்னை மறித்தார்.

"காணிக்கு உறுதி எடுக்கலாம் எண்டு எழுதிப்போட்டாய். வீட்டுக்குள்ள கிடந்த சாமானுக்கு என்ன உறுதி பிள்ளை? கட்டில், அலுமாரி, குத்துவிளக்கு எல்லாம் ஆற்றையோ வீட்டில கிடக்கு. கண்ணால கண்டும் கேக்கேலாமக் கிடக்கு."

கையில் மரக்கறிப் பையோடு நின்ற எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், சாமானுக்கும் உறுதி எழுதி வைக்கும் ஓர் உலகம் இருப்பது நினைவுக்கு வந்தது. அது படங்களும் சிலைகளும் விற்று வாங்குகிறவர்களின் உலகம். அங்கே ஒரு சிறிய படம் கைமாறினால்கூட, முதலில் யாரிடம் இருந்தது, அவர் யாருக்குக் கொடுத்தார், எந்த ஆண்டில் எந்த ஏலத்தில் போனது என்று வரிசையாக எழுதி வைப்பார்கள். நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்கக் கடற்கரை ஒன்றை வரைந்த படமாக இருந்தாலும், அது இன்று விலைக்கு வந்தால் வாங்குகிறவர் முதலில் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லையாம். திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாராம். சட்டம் போட்ட கடையின் சீட்டு, ஏலக்காரர் சோக்கால் எழுதிய இலக்கம், பழைய சொந்தக்காரரின் கையெழுத்து எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். நாங்கள் அதை உடைமை வரலாறு என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளில் தோம்புப் பெயரில் தொடங்கி, இன்னாரிடமிருந்து இன்னாருக்குச் சீதனமாக, இன்னாரிடமிருந்து இன்னாருக்குக் கிரயமாக என்று எழுதிக்கொண்டே வருவார்கள் அல்லவா? அதே மாதிரிதான்.

எங்களுக்குக் கொஞ்சம் கிட்டிய ஒரு படத்தின் கதையை இன்றைக்குச் சொல்கிறேன். அது தஞ்சாவூர்ப் படம்.

1990இல் நாங்கள் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனோம். பிறகு திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்தோம். அப்போது எனக்குப் பதினான்கு வயது. ஒரு நாள் பக்கத்துக் குடிசை அக்கா ஒருவர் எங்களையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனார். பெரிய கோயிலைப் பார்த்த பிறகு அரண்மனைக்கும் போனோம். அங்கேதான் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. எனக்கு அன்று புத்தகங்கள் நினைவில் நிற்கவில்லை. அடர்ந்த நிறத்தில் தலைப்பாகையும் முத்துமாலையுமாக இருந்த மன்னர்களின் படங்கள்தான் நினைவில் நின்றன. அந்த முத்துகள் எங்கள் கடல் முத்துகளாக இருக்கும் என்று அம்மா சொன்னார். அம்மாவுக்கு எங்கே போனாலும் மன்னார்தான்.

அந்த மன்னர்களில் பெயர் போனவர் இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை ஆட்சியில் இருந்தார். ஆட்சி என்று சொன்னாலும், 1799இல் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பனி எடுத்துக்கொண்டு கோட்டையையும் நகரத்தையும் மட்டும் அவருக்கு விட்டது. (அதே காலப்பகுதியில்தான் இந்தப் பக்கம் அரிப்பில், முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தேசாதிபதி நோர்த் மாளிகை கட்டினார். கடல் அரித்து விழுந்தது போக மிச்சச் சுவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள்.) அரசியல் கையை விட்டுப் போனதும் சரபோஜி புத்தகம், மருத்துவம், ஓவியம் என்று மனதைத் திருப்பினார். நூலகத்துக்கு நாலு திசையிலிருந்தும் ஏடுகளும் நூல்களும் சேர்த்தார். கண் நோயாளிகளின் விபரங்களைப் படத்தோடு பதிந்து வைத்தார். அவரும் மகன் சிவாஜியும் ஒன்றாக இருக்கும் ஓர் ஓவியம் 1820களில் வரையப்பட்டது. அதுதான் நான் சொல்ல வந்த படம்.

படத்தில் தந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மகன் இரண்டாம் சிவாஜியாகப் பட்டத்துக்கு வந்து, 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். வாரிசு இல்லை என்று கம்பனி பட்டத்தையே இல்லாமல் செய்தது. அது மட்டும் போதாமல், 1856இல் கம்பனியின் ஆணையாளர் படையோடு அரண்மனைக்குள் வந்து, மன்னரின் நகை, பணம், தளபாடம் என்று சொந்தச் சொத்துகளையும் எடுத்து முத்திரையிட்டார். உள்ளே பல இராணிகள் இருந்தார்கள், எல்லோரும் விதவைகள்.

மூத்தவர் காமாட்சி பாயி. அவர் பேசாமல் இருக்கவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பட்டம் போனால் போகட்டும், என் கணவரின் சொந்தப் பொருள் சட்டப்படி விதவையாகிய எனக்கு வரவேண்டும் என்பதே வழக்கு. சென்னையில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. அரசாங்கத் தரப்பு லண்டனுக்கு மேன்முறையீடு செய்தது. 1859இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. ஓர் அரசு இன்னோர் அரசின் மீது அதிகாரம் செலுத்தி எடுத்த பொருள் இது, இதில் பிழையே நடந்திருந்தாலும் பரிகாரம் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னார்கள். இன்றும் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இந்த வழக்கைப் படிக்கிறார்கள், காமாட்சி பாயியின் பெயரோடு.

சட்டத்தில் தோற்ற பிறகு, 1862இல் அரசாங்கம் அந்தச் சொத்தை விதவைகளுக்கே விட்டுக்கொடுத்து, மூத்த இராணியின் பொறுப்பில் வைத்தது. உரிமை என்று கொடுக்கவில்லை, தயவு என்று கொடுத்தது. உரிமையாய்க் கேட்டதைத் தயவாய் வாங்குவது எப்படி இருக்கும் என்று நிவாரண வரிசையில் நின்ற எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறகு 1918இல் நூலகம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அரச குடும்பத்திடம் இருந்தது எல்லாருக்கும் உரியதாக மாறியது. சரபோஜியும் மகனும் இருந்த படம் அந்தச் சரசுவதி மகாலில்தான் இருந்தது. இதுவரைக்கும் அதன் உடைமை வரலாறு நேராக வருகிறது: தந்தை, மகன், பிறகு பொதுமக்கள்.

அடுத்த வரி அமெரிக்காவில் எழுதப்பட்டிருக்கிறது.

2006இல் அந்தப் படம் சேலம் நகரத்தில் உள்ள பீபொடி எசெக்ஸ் அருங்காட்சியகத்துக்கு 35,000 அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சேலம் அல்ல. இது மாசசூசெற்ஸ் மாநிலத்தில் அத்திலாந்திக் கடலோரத்தில் உள்ள ஊர். ஒரு காலத்தில் அந்த ஊர்க் கப்பல்கள் சுமாத்திராவுக்கு வந்து மிளகு ஏற்றிப் போயின. அந்தக் கப்பல் தலைவர்கள் 1799இல் ஒரு சங்கம் அமைத்து, கீழைத் தேசங்களிலிருந்து கொண்டுபோன அரும்பொருட்களைச் சேர்த்து வைத்தார்கள். அங்கிருந்துதான் இந்த அருங்காட்சியகம் வளர்ந்தது. சரபோஜி கோட்டைக்குள் ஒடுங்கிய அதே 1799.

விற்றவர் சுபாஷ் கபூர். நியூயோர்க்கில் மடிசன் அவெனியூவில் கலைப்பொருட் கடை வைத்திருந்தார். படத்தோடு ஓர் உடைமை வரலாறும் கொடுத்தார். அருங்காட்சியகத்தார் அதை நம்பி வாங்கினார்கள். அந்த வரலாறு பொய் என்பது பிறகுதான் தெரிந்தது.

பொய் உறுதி எப்படி எழுதுகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் காணிகளுக்கும் இதே வேலை நடக்கிறது. இந்தியாவில் பழம்பொருட்களை வெளியே கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1972இல் வந்தது. அதற்கு முன் 1970இல் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது. ஆகவே பொய் எழுதுகிறவர் பொருள் அதற்கு முன்னரே நாட்டை விட்டுப் போய்விட்டதாக எழுதுவார். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயில் நடராசருக்கு அப்படித்தான் நடந்தது. சூடான் நாட்டு இராசதந்திரி ஒருவர் டில்லியில் இருந்தபோது வாங்கி, 1972க்கு முன்னர் கொண்டுபோய்விட்டார் என்று பத்திரம். அதைக் காட்டி 2008இல் அவுஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்துக்கு 50 இலட்சம் டொலருக்கு மேல் விற்றார் அதே கபூர்.

அந்தப் பொய்யை உடைத்தது ஒரு புகைப்படம். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய், சிலைகளைப் படம் பிடித்து, ஊரும் திகதியும் எழுதி வைத்து வந்தார்கள். ஒரு இலட்சத்துக்கும் அதிகமான படங்கள் சேர்ந்திருக்கின்றன. களவு பிடிப்பதற்காக எடுத்த படங்கள் அல்ல, ஆய்வுக்காக எடுத்தவை. 1994இல் அவர்கள் எடுத்த படத்தில் அந்த நடராசர் சிறீபுரந்தான் கோயிலில்தான் இருந்தார். பத்திரத்தின்படி அவர் இந்தியாவை விட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேலாகியிருக்க வேண்டும்! 2014இல் அவுஸ்திரேலியா சிலையைத் திருப்பிக் கொடுத்தது.

1998இல் வோஷிங்டனில் 44 நாடுகள் கூடி, நாற்சிகள் யூதர்களிடம் பறித்த ஓவியங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு விதிகள் வகுத்தன. அந்தக் குடும்பங்களிடமும் பெரும்பாலும் பற்றுச்சீட்டு இருக்கவில்லை. உயிர் தப்பினாலே போதும் என்று ஓடியவர்கள் பற்றுச்சீட்டைத் தூக்கிக்கொண்டா ஓடுவார்கள்? ஆனால் வீட்டு விறாந்தையில் எடுத்த குடும்பப் படத்தில், தலைகளுக்குப் பின்னால் சுவரில் அந்த ஓவியம் தெரியும். அதைக் காட்டிக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

தஞ்சாவூர்ப் படத்துக்குத் திரும்பி வருகிறேன். கபூர் 2011இல் ஜேர்மனியில் பிடிபட்டு, 2012இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் ஒரு கோயில் சிலைக் களவு வழக்கில் அவருக்குப் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இவர் பிடிபட்டதும் இவரிடம் வாங்கிய அருங்காட்சியகங்கள் தங்கள் அறைகளைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கின. சேலம் அருங்காட்சியகம் 2015இல் படத்தை அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. 35,000 டொலர் கொடுத்து, நம்பி வாங்கிய படம். என்றாலும் களவெடுத்தவருக்கு உரிமை இல்லை, உரிமை இல்லாதவரிடம் காசு கொடுத்து வாங்கியவருக்கும் உரிமை வராது என்பதுதான் பொதுவான சட்டக் கொள்கை. இழுத்தடிக்காமல் கொடுத்தார்கள், அதற்காக நான் அவர்களை மதிக்கிறேன்.

அதோடு படம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். 2022இல்கூட, அதைச் சரசுவதி மகாலுக்குக் கொண்டுவர முயற்சி எடுப்பதாகத்தான் தமிழ்நாட்டுச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அறிவித்தது. இன்னாருடையது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகும் கந்தோர்களின் நடை அப்படி.

இனி முருங்கன் அக்காவின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலும் இதே கேள்வி இருந்தது.

அம்மாவுக்கு 1972இல் சீதனமாக அம்மப்பா ஒரு சிங்கர் தையல் மெசின் வாங்கிக் கொடுத்தார். அப்பா எங்களோடு இல்லாமற் போன பிறகு (அது வேறு கதை) அந்த மெசின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. 1990இல் ஓடும்போது அதைத் தூக்கமுடியவில்லை. சாக்கால் மூடிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனோம். 1994இல் திரும்பி வந்தபோது கதவும் இல்லை, மெசினும் இல்லை. கூரை ஓடு எண்ணிப் பத்து மிஞ்சியிருந்தது.

ஒரு வருடத்தின் பின் அம்மா அதைக் கண்டார். வேறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் பக்கத்தில் குடியிருந்த ஒரு பெண்ணின் வீட்டு விறாந்தையில் இருந்தது. அந்தப் பெண்ணும் கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, "என்ர மெசின்தான், ஆனா என்னெண்டு சொல்லுறது? பற்றுச்சீட்டும் கடலோட போச்சு" என்றார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அந்த ஒழுங்கையால் போவதையே விட்டார். சந்தைக்குச் சுற்றித்தான் போவார்.

2004இல் திருச்சி முகாமில் இருந்த சித்தி ஒரு கடிதத்துக்குள் பழைய படங்கள் சில அனுப்பினார். அதில் ஒன்று நான் முதல்நன்மை எடுத்த நாளில் வீட்டில் எடுத்தது. நான் வெள்ளைச் சட்டையோடு விறைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பக்கத்தில் மெசின். வலது பக்க லாச்சியின் பிடி உடைந்து, அதற்குப் பதிலாக அம்மப்பா போட்டுக் கொடுத்த அலுமாரிப் பித்தளைக் குமிழ் பளிச்சென்று தெரிகிறது. மன்னார் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு குமிழோடு இன்னொரு சிங்கர் மெசின் இருக்காது.

அம்மா படத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நானும் போனேன். சண்டை வரும் என்றுதான் போனேன்.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தார். லாச்சியைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "அக்கா, நான் களவெடுக்கேல்ல. லொறியில சாமான் கொண்டு வந்தவங்களிட்ட என்ர தோட்டை வித்துத்தான் வாங்கினனான். ஆற்றையெண்டு அப்ப நான் கேக்கேல்ல. கேட்டிருக்க வேணும்."

அம்மா மெசினுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தைத்துக்கொண்டிருந்த பாதிச் சட்டை ஊசியில் இருந்தது. உள்ளே இருந்து ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தது. அம்மா கொஞ்ச நேரம் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "எண்ணெய் விடுறனீயோ தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஓமக்கா, கிழமைக்கு ஒருக்கா."

"என்ர எண்டு ஒத்துக்கொண்டாய், அது காணும். இப்ப எனக்குக் கண்ணும் தெரியாது. நீ தையல விடாத. இவளின்ர பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைச்சுக் குடு."

வழி நெடுக நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். இவ்வளவு ஆதாரம் கிடைத்தும் விட்டுவிட்டு வருகிறீர்களே என்றேன். இன்றைக்கும் அம்மா செய்தது சரி என்று என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. உங்களில் ஒருவர் கேட்டு வாங்கினால் அதுவும் நியாயம்தான். ஒவ்வொரு வருடமும் அரசாங்கம் தந்த சீருடைத் துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவர் தைத்துக் கொடுப்பார். ஒரு சதமும் வாங்கவில்லை. தையலும் நல்ல தையல், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அன்று பின்னேரம் அம்மா என்னை அந்த வீட்டுக்குத் திரும்பவும் அனுப்பினார், மெசினில் பதித்திருக்கும் இலக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லி. கொண்டு வந்து கொடுத்ததும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். முதலில் இலக்கம். அதற்குக் கீழே அம்மப்பாவின் பெயர், 1972. அதற்குக் கீழே தன் பெயர், சீதனம் என்று. அதற்குக் கீழே 1990 என்று எழுதி ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே அந்தப் பெண்ணின் பெயரை எழுதி, 2004 என்று போட்டார்.